வெட்டாமல் விட்ட பாட்டில்கள்: அல்சூரில் ஏழு பெண்களின் ஆறு மாத முயற்சி

பின்னணி

பெங்களூரின் அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையிலிருந்து நடக்கும் தூரத்தில், ஜோகுபாளையாப் பக்கம், ஒரு குறுகிய சந்து இருக்கிறது. அங்கே வசிப்பவர்களில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். பெங்களூருக்கு வந்து இரண்டு மூன்று தலைமுறை ஆனவர்கள். சந்தின் முனையில் ஒரு மாரியம்மன் கோவில். அதை ஒட்டிய அறையில், பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வந்தேன். பிள்ளைகளை அழைத்துப் போக வரும் தாய்மார்கள் வாசற்படியில் சற்று உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள்.

2024 ஜூன் மாதம் அப்படி வந்த ஒருவர் பையிலிருந்து ஒரு நீல நிறக் கண்ணாடி பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார். அவர் வேலை செய்யும் வீட்டில் தூக்கிப் போட வைத்திருந்தது. வெயிலில் பிடித்தால் சுவரில் நீல ஒளி விழுந்தது. "டீச்சர், இதைக் குப்பையில் போட மனசு வரவில்லை. இதை வைத்து ஏதாவது செய்யலாமா?" என்று கேட்டார். இந்த ஆய்வில் வரும் எல்லாமே அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியவை.

ஏழு பேர் சேர்ந்தார்கள். ஐந்து பேர் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டு வேலை செய்பவர்கள். ஒருவர் அல்சூர் பஜாரில் பூக்கட்டி விற்பவர். இன்னொருவர் வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். நான் எட்டாவது ஆள். பள்ளியில் கைவேலை வகுப்பு எடுத்த அனுபவம் எனக்கு உண்டு. ஆனால் காகிதத்திலும் துணியிலும் மட்டும்தான் வேலை செய்திருக்கிறேன், கண்ணாடியைத் தொட்டதில்லை. தீபாவளிக்கு விற்கலாம் என்று திட்டம் போட்டபோது இந்த வேறுபாட்டை நான் எடைபோட்டுப் பார்க்கவில்லை. ஏழு பேரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

பாட்டில்கள் வந்த வழி

பாட்டில் கிடைப்பது சுலபம் என்று நினைத்தோம். வேலை செய்யும் வீடுகளில் ஒயின், ஜூஸ், தேன், சாஸ் என்று வாரம் தவறாமல் காலியாகும். ஆனால் முதல் வாரமே ஒருவரைக் குடியிருப்பின் வாசலில் காவலர் நிறுத்திவிட்டார். பையைத் திறக்கச் சொல்லி, மூன்று ஒயின் பாட்டில்களை வெளியே எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். வீட்டுக்காரர் போனில் சொல்லும்வரை கால் மணி நேரம் அந்த அம்மா அங்கேயே நிற்க வேண்டியிருந்தது. போவோர் வருவோர் எல்லாம் பார்த்தார்கள். எட்டு ஆண்டுகளாக அவர் நுழைந்து வெளிவரும் வாசல் அது.

மறுநாள் நானே அந்தக் குடியிருப்பின் சங்கச் செயலாளரைப் போய்ப் பார்த்தேன். பெங்களூரில் வீட்டுக் கழிவைப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்ற விதி 2012 முதல் இருக்கிறது; கண்ணாடி உலர் கழிவோடு போகும். அந்த உலர் கழிவிலிருந்து பாட்டில்களை மட்டும் தனியே ஒரு பெட்டியில் போட்டு வைத்தால் வாரம் ஒருமுறை நாங்களே வந்து எடுத்துக்கொள்வோம், பெண்கள் யாரும் பையில் தூக்கிச் செல்ல வேண்டியிருக்காது என்று கேட்டேன். அவர் ஒப்புக்கொண்டார். கீழ்த்தளத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடை வைக்கப்பட்டது. இந்த ஆறு மாதத்தில் நாங்கள் எடுத்த முடிவுகளில் மிகச் சரியானது இதுதான் என்பது என் கருத்து. பொருளை விடப் பெண்களின் மானம் பெரிது.

கூடை நிரம்பி வழிந்தது, பாதிக்கு மேல் பீர் பாட்டில்கள். அவற்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வரும்போது சந்து முனைக் குஜிரிக் கடைக்காரர் பார்த்துவிட்டார். (சென்னையில் காயலான் கடை என்பதை இங்கே தமிழர்களும் குஜிரிக் கடை என்றுதான் சொல்வார்கள்.) "டீச்சர், பீர் பாட்டிலுக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். அது கம்பெனிக்குத் திரும்பிப் போய், கழுவி, மறுபடி நிரம்பி வருகிற பாட்டில். உடையாமல் இருந்தால் எனக்கே காசு" என்றார். எங்களுக்கு அது புதிய செய்தி. கண்ணாடியை உருக்கி மறுபடி வார்க்க 1,500 டிகிரி அளவுக்கு உலை எரிய வேண்டும். கழுவி நிரப்புவதற்கு அதில் சிறு பங்கு போதும். அப்படித் திரும்பப் போகிற பாட்டிலைப் பிடித்து அலமாரியில் வைப்பது எந்த வகையில் நல்லது? அன்றே பிரித்துவிட்டோம்: முழு பீர் பாட்டில்கள் அவருக்கு, திரும்ப எடுத்துக்கொள்ள ஆளில்லாத ஒயின் பாட்டில், தேன் பாட்டில், கோணல் வடிவ பாட்டில் எங்களுக்கு. பீர் பாட்டிலுக்கு அவர் கொடுத்த காசு எங்கள் முதல் மாதச் சணலுக்கும் பசைக்கும் ஆனது.

இன்னொரு சிக்கல் எங்களுக்குள்ளேயே இருந்தது. எழுவரில் ஒருவர் குடியால் கணவரை இழந்தவர். மதுபாட்டில் எதையும் தன் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கோவில் பெரியவர் ஒருவரும், மாரியம்மன் கோவில் சுவரை ஒட்டிய அறையில் சாராய பாட்டில் எப்படி வைக்கலாம் என்று கேட்டார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வேலை முழுவதையும் என் வீட்டு வராந்தாவுக்கு மாற்றினோம். லேபிளை உரித்து, உள்ளே வாடை போகும்வரை கழுவிய பிறகுதான் பாட்டில் மற்றவர்கள் கைக்கு வரும் என்று வைத்துக்கொண்டோம்.

கழுவும் முறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து அரை நாள் ஊறப் போட்டால் காகித லேபிள் தானே கழன்றுவிடும். மிச்சம் நிற்கும் பிசினில் தேங்காய் எண்ணெயைத் தடவி அரைமணி கழித்து நாரால் தேய்த்தால் போய்விடும். கை நுழையாத கழுத்துக்குள் ஒரு பிடி அரிசியும் சோப்புத் தண்ணீரும் விட்டுக் குலுக்க வேண்டும். இவை மூன்றும் பெண்கள் சொல்லி நான் கற்றவை.

ஜூலை: வெட்டும் முயற்சி

பாட்டிலைப் பாதியாக வெட்டி, அடிப்பாகத்தை டம்ளராகவும் பூந்தொட்டியாகவும், மேல்பாகத்தைத் தொங்கும் விளக்காகவும் செய்வது எங்கள் முதல் திட்டம். செல்போன் காணொளிகளில் அது இரண்டு நிமிட வேலையாகத் தெரிந்தது. நூலைத் தின்னரிலோ நகப்பூச்சு நீக்கியிலோ நனைத்துப் பாட்டிலைச் சுற்றிக் கட்டி, தீ வைத்து, அணைந்ததும் குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் நேர்கோட்டில் உடையும் என்பார்கள்.

பதினோரு பாட்டில்களில் அப்படிச் செய்து பார்த்தோம். மூன்றுதான் ஓரளவு நேராக உடைந்தன. மற்றவற்றில் விரிசல் கோட்டை விட்டுக் கழுத்து வரை ஏறியது, அல்லது அடி அப்படியே கழன்று வாளியில் விழுந்தது. இதற்குக் காரணம் கண்ணாடியின் இயல்பு. பாட்டில் கண்ணாடி மணல், சோடா, சுண்ணாம்பு சேர்த்து உருக்கியது. அது வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். நூல் எரிந்த இடம் சூடாகி விரிந்திருக்க, அரை அங்குலம் தள்ளியுள்ள இடம் குளிர்ந்தே கிடக்கும். திடீரென்று தண்ணீர் பட்டதும் சூடான மேல்பரப்பு சுருங்க முயல்கிறது, உள்பக்கம் விடுவதில்லை, அந்த இழுவையில் பிளக்கிறது. ஆனால் எந்த வழியில் பிளக்கும் என்பதைத் தீர்மானிப்பது நூல் மட்டுமல்ல. பாட்டிலின் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே கனத்தில் இருக்காது. ஒரு பாட்டிலை விரலால் தடவிப் பார்த்தால் எதிரெதிரே இரண்டு அச்சுக்கோடுகள் தட்டுப்படும். அங்கும், கண்ணுக்குத் தெரியாத கீறல் உள்ள இடங்களிலும் விரிசல் தன் வழியைத் தேடிக்கொள்ளும்.

தீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகப்பூச்சு நீக்கியில் உள்ள அசிட்டோன் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகி, அந்த ஆவியே தீப்பிடிக்கக்கூடியது. திறந்த புட்டிக்கு ஒரு முழம் தள்ளித் தீக்குச்சி கிழித்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் நூலிலிருந்து சொட்டிய திரவம் தரையில் கோடாக எரிந்து தையல்காரரின் புடவை ஓரத்துக்கு அருகில் போய் அணைந்தது. அன்றோடு அந்த முறையை நிறுத்தினோம்.

பிறகு கண்ணாடி கட்டர் வாங்கினோம். சக்கரத்தால் ஒரே ஒரு கோடு கீறி, அதன்மேல் வெந்நீரும் குளிர்ந்த நீரும் மாறி மாறி ஊற்றும் முறை. இது முன்னதை விடப் பரவாயில்லை. பதினான்கில் ஆறு தேறின. ஆனால் ஜன்னல் கண்ணாடியில் நேராக ஓடுகிற சக்கரம் உருண்டையான பாட்டிலில் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேர வேண்டும். ஒரு நூலளவு விலகினாலும் அந்த இடத்தில் கூரான பல் ஒன்று நிற்கும். அந்தப் பல்லைத் தேய்த்து மழுக்குவதற்குள்தான் விபத்து நடந்தது.

விபத்து

ஜூலை கடைசிச் சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. நீல பாட்டிலைக் கொண்டுவந்த அதே பெண், வெட்டிய ஒரு பச்சைப் பாட்டிலின் விளிம்பைத் தண்ணீரில் நனைத்து வாட்டர் பேப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தார். உலர்வாகத் தேய்த்தால் தூள் மூக்கில் ஏறும் என்பதால் தண்ணீரோடு தேய்க்கச் சொல்லியிருந்தேன். அது சரியான எச்சரிக்கைதான். ஆனால் ஈரக் கையில் கண்ணாடி வழுக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. பாட்டில் சுழன்றது. அந்தப் பல் இடது கைப் பெருவிரலின் அடிச்சதையில் இறங்கியது.

அவர் கத்தவில்லை. "டீச்சர், துணி" என்று மட்டும் சொன்னார். வாளித் தண்ணீர் ஒரு நொடியில் சிவந்தது. காயத்தில் துண்டு எதுவும் நிற்கவில்லை என்று பார்த்துவிட்டு, சுத்தமான துண்டால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்து ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நான்கு தையல், டெட்டனஸ் ஊசி. நரம்போ தசைநாரோ அறுபடவில்லை என்றார் மருத்துவர். காயம் கால் அங்குலம் தள்ளி விழுந்திருந்தால் விரலை மடக்க முடியாமல் போயிருக்கலாம் என்றும் சொன்னார்.

ஒன்பது நாள் கையை நனைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பாத்திரம் தேய்த்தும் துணி அலசியும் பிழைக்கிறவருக்கு அது ஒன்பது நாள் வேலை இல்லை என்பதுதான். அவர் வேலை செய்யும் இரண்டு வீடுகளில் ஒன்றில் முழுச் சம்பளமும் கொடுத்தார்கள். மற்றதில் 1,300 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.

வெட்டுவதில்லை என்ற முடிவு

அடுத்த புதன்கிழமை எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். மூன்று வழிகள் இருந்தன. கையுறையும் கண்ணுக்கான கவசமும் வாங்கித் தொடர்ந்து வெட்டுவது முதல் வழி. வெட்டும் வேலையை மட்டும் கண்ணாடிக் கடையில் கொடுப்பது இரண்டாவது. வெட்டவே வேண்டாம் என்பது மூன்றாவது.

இரண்டாவது வழியை விசாரித்தேன். தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடும் வைரச் சக்கரத்தில் வெட்டி விளிம்பை மெருகேற்றித் தர ஒரு பாட்டிலுக்கு 120 ரூபாய் கேட்டார்கள். நாங்கள் ஒரு பொருளை 150 ரூபாய்க்கு விற்க நினைத்திருந்தோம். முதல் வழியில் நல்ல கையுறை கிடைக்கும், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு மெல்லிய வேலை செய்ய முடியாது, கழற்றும் நொடியில்தான் ஆபத்து. மேலும், வெட்டிய விளிம்பு எவ்வளவு தேய்த்தாலும் வாங்குகிறவர் வீட்டில் ஒரு குழந்தையின் உதட்டைக் கிழிக்காது என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. டம்ளர் என்று கொடுத்தால் யாராவது வாய்வைத்துக் குடிப்பார்கள்.

முடிவைச் சொன்னவர் பூக்கட்டும் அக்கா. "பாட்டில் அழகாகத்தானே இருக்கிறது. அதை ஏன் உடைக்க வேண்டும்?" என்றார். வெட்டிய துண்டுகளையும் கட்டரையும் மூட்டை கட்டி, வெளியே 'உடைந்த கண்ணாடி' என்று எழுதிக் குப்பை வண்டியில் ஒப்படைத்தோம்.

முழு பாட்டிலில் வேலை

ஆகஸ்டு தொடக்கத்தில் வேலையின் போக்கே மாறியது. இந்த மாற்றத்துக்கு நான் செய்தது குறைவு. பூக்கட்டும் அக்கா சணல் கயிற்றை எடுத்த விதம்தான் எல்லாவற்றையும் மாற்றியது.

அவர் பாட்டிலை மடியில் படுக்க வைத்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் கயிற்றைப் பிடித்துப் பாட்டிலைச் சுற்றிச் சுற்றிக் கையை ஓட்டிக்கொண்டிருந்தோம். அவர் கயிற்றை அசைக்காமல் இரண்டு விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, மறு உள்ளங்கையால் பாட்டிலை மட்டும் உருட்டினார். கயிறு தானே வந்து படிந்தது. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைத் தொட்டுக்கொண்டே விழ, பெருவிரல் நகத்தால் கீழ்நோக்கி ஒரு தள்ளு. வாழைநாரில் மல்லிகையை இறுக்கும்போது அவர் செய்கிற அதே தள்ளு. கழுத்துச் சரிவில் எங்கள் எல்லோருக்கும் கயிறு சறுக்கியது; அவர் மட்டும் அங்கே வந்ததும் மூன்று சுற்றுக்கு ஒரு பூ முடிச்சு போட்டு நிறுத்திக்கொண்டார். முப்பது ஆண்டுகளாகப் பூக்கட்டிய கை அது. ஒரு வாரத்தில் மற்ற ஆறு பேருக்கும் அதைக் கற்றுக் கொடுத்துவிட்டார். காயம்பட்டவரும் தையல் பிரித்த பிறகு இதைத்தான் செய்தார். பாட்டிலை உருட்டுவதற்கு வலது உள்ளங்கை போதும் என்பதால் இடது பெருவிரலுக்கு வேலையில்லை.

பாட்டிலில் மேடாக வார்த்திருந்த மதுக் கம்பெனிப் பெயர்கள் சணலுக்குள் மறைந்தன. கணவரை இழந்தவர் அதன் பிறகு வேலையில் மனமொன்றிச் சேர்ந்துகொண்டார். அவர் கொடுத்த யோசனைதான் எங்களுக்கு நன்றாக விற்ற வடிவம்: கரும்பச்சை ஒயின் பாட்டிலில் வெள்ளைப் புள்ளிக் கோலம். காது குடையும் பஞ்சுக் குச்சியின் முனையை வெட்டிவிட்டு அதை வெள்ளை அக்ரிலிக் வண்ணத்தில் தொட்டு ஒற்றினால் ஒரே அளவுப் புள்ளிகள் விழும். கோடு இழுக்க மெல்லிய தூரிகை. வாசல் தரையில் பழகிய கை வளைந்த பரப்பில் தடுமாறும் என்று நினைத்தேன், அப்படி எதுவும் நடக்கவில்லை. நேர்ப்புள்ளி ஏழுக்கு ஏழு போட்டு, பாட்டிலைத் திருப்பித் திருப்பிச் சிக்குக் கோலத்தை முடிச்சு தெரியாமல் மூடினார்.

வண்ணத்தில் நாங்கள் செய்த தவறையும் பதிவு செய்கிறேன். கண்ணாடியில் துளை இல்லை. மரத்திலும் சுவரிலும்போல வண்ணம் உள்ளே இறங்கிப் பிடிக்காது, மேலே ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். இடையில் விரல் எண்ணெய் ஒரு படலம் இருந்தாலும் தோல்போல உரியும். கழுவிய பாட்டிலை நாங்கள் கையால் பிடித்தே வண்ணம் தீட்டினோம். முதல் இருபது பாட்டில்களில் அதுதான் கோளாறு. பிறகு, தீட்டும் முன் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, வாய்க்குள் ஒரு குச்சியைச் செருகி அதைப் பிடித்துக்கொண்டு தீட்டத் தொடங்கினோம். ஒரே கனமான பூச்சுக்குப் பதில் மெல்லியதாக இரண்டு, இடையில் ஒருநாள் காய வைத்தோம். அப்படிச் செய்தவை உரியவில்லை.

விளக்கு வைத்த பாட்டில்களையும் சில நாள் செய்தோம். தக்கையோடு வரும் சிறு சீரியல் விளக்குகளை, மின்பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் வாங்கி வந்தேன். அந்தத் தக்கைக்குள் மூன்று பட்டன் செல்கள் இருக்கும், மூடி நகத்தால் நெம்பினாலே திறந்துகொள்ளும். பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடும். எங்கள் சந்தில் கைக்குழந்தை இல்லாத வீடே குறைவு. பத்தோடு நிறுத்திவிட்டோம்.

செப்டம்பர்: தண்ணீர் நின்ற பாட்டில்

பண்டிகைக்கு முன்பே பதினைந்து பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி மணி பிளான்ட் கொடி வைத்து அக்கம்பக்கத்தில் கொடுத்திருந்தோம். கண்ணாடி வழியே வேர் தெரிவது எல்லோருக்கும் பிடித்திருந்தது.

அந்த ஆண்டு பெங்களூரில் டெங்கு கடுமையாக இருந்தது. செப்டம்பரில் கர்நாடக அரசு அதைத் தொற்றுநோயாகவே அறிவித்தது. வீடு வீடாக வந்த சுகாதாரப் பணியாளர் ஒருவர் எங்கள் சந்தில் ஒரு வீட்டு ஜன்னலில் இருந்த பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வேர்களுக்கு நடுவே நூல் துண்டுகள்போலப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அது நாங்கள் கொடுத்த பாட்டில்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் நிற்கும் தெளிந்த நீர்தான் அதற்கு வேண்டும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும். குறுகிய கழுத்துள்ள பாட்டிலின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுவது யாரும் வாரந்தோறும் செய்கிற காரியமில்லை.

அன்று மாலையே பதினைந்து வீட்டுக்கும் நானும் தையல்காரரும் நடந்தோம். பன்னிரண்டு பாட்டில்களைத் திரும்ப வாங்கிக் கவிழ்த்துக் கழுவினோம். மூன்று வீட்டுக்காரர்கள் கொடுக்க மனமில்லை என்றார்கள். அந்த மூன்றிலும் பாட்டில் வாயைக் கொடியைச் சுற்றிப் பஞ்சால் இறுக அடைத்து, வாரம் ஒருமுறை உட்பக்கம் தேய்த்துக் கழுவக் கற்றுக் கொடுத்துவிட்டு வந்தோம். யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. ஆனாலும் அந்த ஒரு வாரம் எனக்குத் தூக்கம் இல்லை. தண்ணீர் வைத்த எந்தப் பொருளையும் அதன் பிறகு நாங்கள் கொடுக்கவில்லை.

அக்டோபர் மழை

கொலுவுக்கு இருபது பாட்டில்கள் போயின. தீபாவளி 31ஆம் தேதி. அதற்குள் எழுபதுக்கு மேல் தயாராக வேண்டியிருந்தது. மாதத்தின் நடுவில் பெங்களூரில் நாள்கணக்கில் கொட்டிய மழையை இந்த ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

செலவைக் குறைக்க நான் மைதா காய்ச்சிப் பசையாகப் பயன்படுத்தச் சொல்லியிருந்தேன். சணல், காற்றில் ஈரம் மிகுந்தால் தன் எடையில் ஏழில் ஒரு பங்குக்கும் மேல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் நார். அதற்கு அடியில் மாவுப் பசை. நான்காம் நாள் காலையில் வராந்தாவில் பாட்டில்களைப் பார்த்தபோது சணல்மேல் சாம்பல் நிறப் பொட்டுகள் பூத்திருந்தன. பதினெட்டு பாட்டில்களைப் பிரித்து, கயிற்றை எறிந்துவிட்டு, மரவேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசையால் புதிதாகச் சுற்றினார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பகல் முழுதும் வேலை செய்துவிட்டு வந்து இரவு பத்து மணி வரை உட்கார்ந்து சுற்றினார்கள்.

விற்பனையும் கணக்கும்

கார்த்திகைத் தீபம் முடியும் வரையிலான கணக்கு இது. செய்து முடித்தவை 96. விற்றவை 71. சராசரியாக 150 ரூபாய் வீதம் வந்தது 10,650 ரூபாய். வண்ணம் உரிந்ததென்று ஒன்பது பாட்டில்கள் திரும்பி வந்தன, எல்லாம் முதல் இருபதில் சேர்ந்தவை. ஒன்பதுக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தோம். மிச்சம் 9,300. பொருள் செலவு 3,380 போக 5,920. அதிலிருந்து முதலில் காயம்பட்டவர் இழந்த 1,300 ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று மற்ற ஆறு பேரும் ஒருமித்துச் சொன்னார்கள். அவர் மறுத்தும் அவர்கள் விடவில்லை. எஞ்சிய 4,620 ரூபாயை ஏழாகப் பிரித்ததில் ஆளுக்கு 660.

கழுவுவது முதல் காய வைப்பது வரை ஒரு பாட்டிலுக்கு இரண்டு மணி நேரம் என்று கொண்டால், ஒவ்வொருவரும் ஏறக்குறைய 27 மணி நேரம் உழைத்திருக்கிறார்கள். பிரித்து மறுபடி சுற்றிய நேரம் இதில் சேரவில்லை. மணிக்கு ஏறக்குறைய 24 ரூபாய்தான் வந்தது. இதைப் பிழைப்பாகச் செய்யலாம் என்று ஏழைப் பெண்களிடம் யாரும் ஆசை காட்டக் கூடாது. நான் காட்டினேன், அது தவறு. கணக்கை அவர்கள் முன்னால் வைத்து அப்படியே சொன்னேன்.

"கூலியாகப் பார்த்தால் நஷ்டம்தான் டீச்சர். ஆனால் இத்தனை மாதம் சாயங்காலம் நாங்கள் வேறு எங்கே சேர்ந்து உட்கார்ந்திருப்போம்?" என்றார் தையல்காரர். அவர் சொன்னதையும் கணக்கோடு சேர்த்து எழுதி வைக்கிறேன். அதற்காக 24 ரூபாய் என்பது மாறிவிடாது.

மாற்றிச் செய்வதானால்

மறுபடி தொடங்கினால் முதல் நாளே குஜிரிக் கடைக்காரரிடம் போவேன், எந்த பாட்டிலுக்கு வேறு வழி இருக்கிறது, எதற்கு இல்லை என்று அவரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கூடை வைப்பேன். வெட்டும் கருவியை வாங்க மாட்டேன். நூலும் தீயும் வராந்தாவுக்குள் வராது. கண்ணாடி வேலையில் பழக்கமில்லாத நான், கையால் பிழைக்கிறவர்களை அதில் இறக்கியதைத்தான் இன்றும் பெரிய பிழையாக நினைக்கிறேன். அந்த வேலை தெரிந்த ஒருவரிடம் ஒருநாள் பார்த்துவிட்டு வந்திருந்தால் அந்தப் பச்சைப் பாட்டிலின் பல்லை யாரும் கையால் தேய்த்திருக்க மாட்டார்கள்.

முதல் பத்து பாட்டில்களை விற்காமல் ஒரு மாதம் வீட்டில் வைத்து, நனைத்துப் பார்த்து, துடைத்துப் பார்த்து, அதன் பிறகு விலை சொல்வேன். மழைக்காலத்தில் சணல் வேலையை ஒதுக்கிவிட்டுக் கோல பாட்டில்களை மட்டும் செய்வோம். அவற்றுக்குச் செலவும் குறைவு. விலையையும் 150 என்று வைக்க மாட்டேன். கோல பாட்டிலை 300 ரூபாய்க்குக் கேட்ட இருவர் இருந்தார்கள், நான்தான் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொன்னேன். பூக்கட்டும் அக்காவை முதல் நாளிலிருந்தே கற்றுக் கொடுக்கிறவராக உட்கார வைத்திருப்பேன்.

இப்போது

நான்கு பேர் தொடர்கிறார்கள். மூன்று பேர் நேரமில்லை என்று நின்றுவிட்டார்கள், வருத்தமில்லாமல்தான். கொலுவுக்கு மட்டும் ஆண்டுக்கு முப்பது பாட்டில், கேட்டவர்களுக்கு மட்டும், 300 ரூபாய்க்குக் குறையாமல் என்று நால்வரும் தங்களுக்குள் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். குடியிருப்பின் கீழ்த்தளக் கூடை இன்னும் இருக்கிறது. பீர் பாட்டில்கள் வாரம் தவறாமல் சந்து முனைக் கடைக்குப் போகின்றன.

காயம்பட்டவருக்குப் பெருவிரலின் அடியில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு உணர்வு முழுதாகத் திரும்பவில்லை. குளிரில் அந்த இடம் மரத்துப்போகிறது என்கிறார். அவர் முதலில் கொண்டுவந்த நீல பாட்டிலை, கை நன்றாகப் பழகிய பிறகு வெட்டலாம் என்று நாங்கள் எடுத்து வைத்திருந்தோம். அதில் சணலும் சுற்றவில்லை, கோலமும் போடவில்லை. லேபிளை மட்டும் உரித்துக் கழுவிய அந்த பாட்டில் அவர் வீட்டுக் கிழக்கு ஜன்னலில் இருக்கிறது. போன வாரம் போனபோது காலை வெயில் அதில் பட்டு, எதிர்ச்சுவரில் பிள்ளையின் பள்ளிப் பைக்கு மேலே நீலமாக விழுந்திருந்தது.